நிமிர்ந்து நடக்கும் நாள்கள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையில் ஒரகடத்தை நெருங்குகையில் வல்லக்கோட்டை வருகிறது. முருகன் கோயிலால் நெடுங்காலமாக அறியப்பட்ட ஊர். ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஏரியும் நெல்வயலுமே இவ்வட்டாரத்தின் வாழ்வு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலும் கார்கள் உருவாகத் தொடங்கின. 2017இல் அண்டையிலுள்ள வல்லம் வடகாலில் மோட்டார் சைக்கிள் ஆலை எழுந்தது. இன்று விடியுமுன்னே தொழிற்சாலைப் பேருந்துகள் இச்சாலைகளை நிறைக்கின்றன.

வேலை மாறியது, முதுகு வலி மாறவில்லை. குனிந்து நாற்று நட்ட தாய்க்கும் வலித்தது. நின்றுகொண்டே உதிரிபாகம் பூட்டும் மகனுக்கும் வலிக்கிறது. தைலம் தேய்க்கிறோம், மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறோம், இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறோம். பெரும்பாலோருக்கு அதுவே போதுமானதாகவும் இருக்கிறது. ஆனால் மிகச் சிலருக்கு அந்த வலி, உடலின் வேறோரிடத்தில் தோன்றிய புற்றுநோய் முதுகெலும்பை அடைந்துவிட்டது என்னும் முதல் செய்தியாக வருகிறது. அந்தச் சிலருக்கு மருத்துவம் என்ன செய்ய முடியும்? ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவ உலகம் இக்கேள்வியோடு போராடி வந்திருக்கிறது. அந்த வரலாற்றில் நம் தமிழகத்துக்கும் பங்கு உண்டு.

விதையும் நிலமும்

புற்றுநோய் பரவுவது தற்செயலன்று என்பதை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர் இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிணஆய்வுக் குறிப்புகளைத் தொகுத்து 1889இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரத்தம் எல்லா உறுப்புக்கும் செல்கிறது. ஆயினும் நோய் சில உறுப்புகளையே நாடுகிறது. விதை எங்கும் விழலாம். ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்று அவர் விளக்கினார். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வுவமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

முதுகெலும்பு அத்தகைய நிலங்களுள் ஒன்று. மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் சுரப்பி, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் அதை நாடி வருகின்றன. 1940இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த உடற்கூற்றியலார் பேட்சன், அதற்கான வழிகளுள் ஒன்றைக் கண்டறிந்தார். இடுப்புக்குழியின் சிரைகளும் முதுகெலும்பைச் சூழ்ந்த சிரை வலையும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. அந்த வலையில் இரத்தம் பின்னோக்கிச் செல்வதைத் தடுக்கும் கதவுகள் இல்லை. இருமினாலும் முக்கினாலும் இரத்தம் திசை மாறும். அதனோடு நோயணுக்களும் முதுகெலும்பைச் சென்று சேரும்.

முள்ளெலும்பு ஒவ்வொன்றிலும் முன்புறத்தில் உருளை போன்ற திண்மையான பகுதி ஒன்று உண்டு. உடலின் சுமையைத் தாங்குவது அதுவே. பின்புறத்தில் வளைவு போன்ற எலும்பு உண்டு. இரண்டுக்கும் நடுவேயுள்ள கால்வாயில் சுண்டுவிரல் பருமனில் தண்டுவடம் இறங்குகிறது. நோய் பெரும்பாலும் முன்புற உருளையில்தான் குடியேறுகிறது. அது எலும்பை அரிக்க, உருளை நொறுங்குகிறது. நொறுங்கிய எலும்பும் வளர்ந்த கட்டியும் பின்னோக்கித் தண்டுவடத்தை அழுத்துகின்றன. கால்கள் கனக்கின்றன, மரத்துப்போகின்றன, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை இழக்கின்றன. புற்றுநோயாளருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்வரை இந்நிலையை அடையக்கூடும் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு.

இந்தச் செய்தியை நினைவில் கொள்வோம்: நோய் இருப்பது முன்புறத்தில். இதை மறந்ததால் நேர்ந்த பிழையே இவ்வரலாற்றின் பாதி.

பின்வாசல் வழியே

தண்டுவடத்தை அழுத்திய கட்டி ஒன்றை வெற்றியுடன் அகற்றிய முதல் அறுவை, 1887 ஜூன் 9 அன்று இலண்டனில் நடந்தது. நோயாளி, கேப்டன் கோல்பி என்னும் படை அதிகாரி. இரு கால்களும் செயலிழந்து, தாங்கொணா வேதனையில் இருந்தவர். நரம்பியல் மருத்துவர் கவர்ஸ் நோயின் இடத்தைக் கணித்தார். விக்டர் ஹார்ஸ்லி முதுகைத் திறந்தார். எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட இன்னும் எட்டாண்டுகள் இருந்த காலம் அது. கணித்த இடத்தில் கட்டி இல்லை. ஹார்ஸ்லி மனம் தளராமல் மேலும் சிறிது எலும்பை நீக்கினார். கட்டி அங்கே இருந்தது. கோல்பி மீண்டும் நடந்தார்.

கோல்பியின் கட்டி புற்றுநோயன்று. பிறவிடங்களுக்குப் பரவாத கட்டி. ஆயினும் அந்த வெற்றி ஒரு வழியை வகுத்துவிட்டது. முதுகின் பின்புறம் திறந்து, வளைவெலும்பை அகற்றி, தண்டுவடத்துக்கு இடம் உண்டாக்குவது என்பது அவ்வழி. பரவிவந்த புற்றுநோய்க்கும் அறுவை மருத்துவர்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அதே வழியில்தான் சென்றார்கள்.

தமிழகத்தில் இதற்கான வசதிகள் படிப்படியாக உருவாயின. சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், மான்ட்ரியாலில் பயிற்சி பெற்றுத் திரும்பிய மருத்துவர் ஜேக்கப் சாண்டி, மூளை நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறை தொடங்கியது அங்கேதான். அடுத்த ஆண்டே சீர்காழியில் பிறந்த மருத்துவர் பி. இராமமூர்த்தி சென்னை அரசு மருத்துவமனையில் அப்பணியைத் தொடங்கினார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடுநாள் முயற்சியால் 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளுடன் பிறந்தது. மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர். 1950களிலேயே அங்குக் கோபால்ட் கதிர்க் கருவி வந்து சேர்ந்தது.

வல்லக்கோட்டை மக்களுக்கு இன்னும் அண்மையில் உள்ளது, காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் இயங்கும் அரசு புற்றுநோய் மருத்துவமனை. அது அறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கியது. காஞ்சியில் பிறந்த அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோயால் தாக்குண்டு, 1968இல் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டு திரும்பினார்; 1969 பிப்ரவரி 3 அன்று அடையாறு நிலையத்தில் மறைந்தார். அவர் நினைவாக அதே ஆண்டில் எழுந்தது காரப்பேட்டை மருத்துவமனை.

கைவிடப்பட்ட கத்தி

அண்ணாவுக்கு அறுவை நடந்த அதே நியூயார்க் மருத்துவமனையில்தான் நம் வரலாற்றின் அடுத்த திருப்பம் நிகழ்ந்தது. தண்டுவடம் அழுத்தப்பட்ட 235 புற்றுநோயாளரின் நிலையை ஆராய்ந்து, கில்பர்ட், கிம், போஸ்னர் ஆகியோர் 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அறுவையும் கதிர்ச் சிகிச்சையும் சேர்ந்து பெற்றவர்கள், கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாக நடக்கவில்லை. 1980இல் 29 நோயாளரைக் கொண்டு நடந்த சிறிய ஒப்பாய்வும் அதையே சொல்லியது. அறுவையின் துன்பம் மிச்சம், பயன் இல்லை. மருத்துவ உலகம் கத்தியைக் கீழே வைத்தது. பரவிவந்த நோய்க்குக் கதிர்ச் சிகிச்சையும், வீக்கத்தைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் மருந்துமே போதும் என்பது பாடமாயிற்று.

அறுவை ஏன் தோற்றது? வீட்டின் முன்சுவர் சாய்ந்து உள்ளிருப்போரை நெருக்குகிறது. நாம் பின்சுவரை இடித்து, இதோ இடம் கிடைத்துவிட்டது என்கிறோம். முன்சுவர் சாய்ந்தபடியே இருக்கிறது. தாங்கி நின்ற பின்சுவரும் போய்விட்டது. பின்வளைவை அகற்றியது இதைத்தான் செய்தது. கட்டி இருந்த இடத்திலேயே இருந்தது; முதுகோ முன்னைவிட உறுதி குலைந்தது. தோற்றது அறுவையன்று, தவறான வாசலில் நுழைந்த அறுவை. இந்த வேறுபாட்டைக் காண மருத்துவ உலகுக்குக் கால் நூற்றாண்டு பிடித்தது.

காசநோய் காட்டிய வழி

முன்வாசலைத் திறந்தது புற்றுநோயன்று, காசநோய். முதுகெலும்புக் காசநோயும் முன்புற உருளையைத்தான் அரிக்கிறது, கூன் விழச் செய்கிறது, கால்களை முடக்குகிறது. மார்புக்கூட்டின் வழியே முன்புறத்தை அடைந்து, நோயுற்ற எலும்பை அகற்றி, அவ்விடத்தில் உடலின் வேறொரு பகுதியிலிருந்து எடுத்த எலும்பைப் பதிக்கும் முறையை ஹாங்காங்கில் ஹாட்சனும் அவர் தோழர்களும் 1950களில் செம்மைப்படுத்தினர். அம்முறை உலகெங்கும் பேசப்பட்டது.

காசநோய் மிகுந்த நம் நாட்டுக்கு அது பொருந்துமா? இக்கேள்வியைத் தீர்க்க 1975இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. காசநோய் ஆராய்ச்சி மையமும் சென்னையின் எலும்பு மருத்துவர்களும் அதில் இணைந்து உழைத்தனர். ஒரு பகுதியினருக்கு ஹாங்காங் அறுவையும் மருந்தும். மற்றவர்களுக்கு நடமாடிக்கொண்டே உண்ணும் மருந்து மட்டும். பத்தாண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கண்காணித்த முடிவு 1999இல் அச்சேறியது. கால் முடங்காத நிலையில் வந்த நோயாளருக்கு மருந்தே போதும். அறுவை பெரும்பாலும் தேவையில்லை. இவ்வாய்வில் திரண்ட செய்திகளைக் கொண்டு, கூன் எவ்வளவு வளரும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் முறையை இராஜசேகரனும் சண்முகசுந்தரமும் 1987இல் வகுத்தனர். உலக மருத்துவ இதழ்களில் சென்னையின் பெயர் மதிப்புடன் நின்றது.

காசநோய்க்காகத் திறக்கப்பட்ட வாசல் காசநோயருள் பலருக்குத் தேவைப்படவில்லை. ஆனால் புற்றுநோயருக்கு அதுவே தேவைப்பட்டது. 1980களில் சில அறுவை மருத்துவர்கள் அவ்வழியே சென்று, நோயுற்ற உருளையையே அகற்றத் தொடங்கினர். நியூயார்க்கில் நாராயண் சுந்தரேசனும் அவர் தோழர்களும் 1985இல் வெளியிட்ட கட்டுரை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. எடுத்த எலும்பின் இடத்தைச் சிமெண்டு போன்ற பசையாலும் உலோகத்தாலும் நிரப்பினர். பிரான்சில் ராய்-கமீல் 1963இல் தொடங்கிய மற்றொரு முறையும் கைகொடுத்தது. முள்ளெலும்பினுள் திருகாணிகளைச் செலுத்தித் தகடுகளால் பிணைத்து முதுகை நிலைநிறுத்துவது அது. உலோகத்தையும் திருகாணியையும் நாள்தோறும் கையாளும் ஒரகடத்துத் தொழிலாளிக்கு இக்கலை அந்நியமாகத் தோன்றாது.

பதின்மூன்றும் நூற்றிருபத்திரண்டும்

ஆனால் நம்பிக்கை வேறு, சான்று வேறு. சான்றைத் தேடியவர் அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த பேட்செல். 1992 முதல் 2002 வரை 101 நோயாளர் அவர் தலைமையிலான ஆய்வில் சேர்ந்தனர். 51 பேருக்குக் கதிர்ச் சிகிச்சை மட்டும். 50 பேருக்கு, அழுத்தும் கட்டியை அது இருக்கும் திசையிலேயே சென்று அகற்றி முதுகை நிலைநிறுத்தும் அறுவையும், அதன் பின் கதிர்ச் சிகிச்சையும். வேறுபாடு மிகத் தெளிவாக இருந்ததால், திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே ஆய்வு நிறுத்தப்பட்டது. 2005இல் முடிவு வெளியாயிற்று.

அறுவை பெற்றோருள் நூற்றுக்கு 84 பேர் சிகிச்சைக்குப் பின் நடந்தனர். மற்றப் பிரிவில் 57 பேர். நடக்க இயலாமல் வந்தவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் 16 பேர். அறுவை பெற்றோருள் 10 பேர் மீண்டும் நடந்தனர், மற்றோருள் 3 பேர். நடக்கும் ஆற்றல் எத்தனை நாள் நீடித்தது? நோயாளரை வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால், கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவில் 13 நாள். அறுவை பெற்ற பிரிவில் 122 நாள்.

வாழ்நாளோ? அதே நடுக்கணக்கில் ஒரு பிரிவில் 100 நாள். மற்றதில் 126 நாள்.

இவ்வெண்களின் முன் நாம் சற்று நிற்க வேண்டும். பெரிய அறுவை; மார்பைத் திறந்து, எலும்பை எடுத்து, உலோகம் பொருத்தி, வலி தாங்கி, இரத்தம் இழந்து பெற்றது, ஏறத்தாழ நான்கு மாத வாழ்வு. இதற்காகவா இத்தனை பாடு என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் மற்றொரு பக்கமும் பார்ப்போம். ஒரு பிரிவினரின் எஞ்சிய நாள்கள் பெரும்பாலும் படுக்கையில் கழிந்தன. மற்றப் பிரிவினர் பெரும்பாலும் இறுதிவரை நடந்தார்கள். பிறர் கை தாங்காமல் கழிப்பறைக்குச் செல்வது. படுக்கைப் புண் இல்லாமல் உறங்குவது. வாசலில் வந்து நின்று பள்ளியிலிருந்து திரும்பும் பேத்தியை எதிர்கொள்வது. நலமாக இருக்கும் நாம் இவற்றை எண்ணுவதே இல்லை. எண்ணப்பட்ட நாள்களை உடையவர்க்கு இவையே பெருஞ்செல்வம். இவ்வறுவை நோயைக் குணப்படுத்துவதாக வாக்களிப்பதில்லை. எஞ்சிய நாள்களை நிமிர்ந்து கழிக்க உதவுவதே அதன் நோக்கம்.

யாருக்கு, யாருக்கு அன்று

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் அதே ஆய்வு உணர்த்துகிறது. குறைந்தது மூன்று மாதமேனும் வாழ்வார் என எதிர்பார்க்கப்பட்டவர்கள் மட்டுமே அதில் சேர்க்கப்பட்டனர். தண்டுவடம் ஒரே பகுதியில் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். நிணநீர்ப் புற்றுநோய் போன்று கதிருக்கு எளிதில் கரையும் நோய்கள் விலக்கப்பட்டன. அவற்றுக்குக் கத்தி வேண்டியதில்லை. கால்கள் முற்றிலும் செயலிழந்து 48 மணி நேரத்துக்கு மேல் ஆனவர்களும் சேர்க்கப்படவில்லை. நசுங்கிய தண்டுவடம் அதற்குப் பின் மீள்வது அரிது.

இன்று மருத்துவர்கள் பலவற்றைச் சீர்தூக்குகிறார்கள். ஜப்பானின் டோக்குஹாஷி 1990இல் நோயாளரின் எஞ்சிய வாழ்நாளைக் கணிக்க ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார். முதுகெலும்பு எவ்வளவு உறுதியிழந்துள்ளது என்பதை 18 புள்ளிகளில் அளக்கும் முறை 2010இல் வந்தது. 13ஐ எட்டினாலோ தாண்டினாலோ முதுகு நிலைகுலைந்தது என்று பொருள். அத்தகைய முதுகைக் கதிர் ஒன்றே தாங்கி நிறுத்தாது. நோயை முற்றிலும் அகற்றாமல், தண்டுவடத்துக்கும் கட்டிக்கும் இடையே சிறு இடைவெளியை மட்டும் உண்டாக்கி, மிச்சக் கட்டியைக் குறிபார்த்துச் செலுத்தும் கதிர்களால் அழிக்கும் முறையும் பரவியுள்ளது. அறுவை சிறிதாகிறது, ஆறுவதும் விரைவாகிறது. முன்புறத்தை அடைய மார்பைத் திறக்காமல், பின்புறத்திலிருந்தே பக்கவாட்டில் செல்லும் வழிகளும் தேர்ச்சி பெற்ற கைகளுக்குப் பழகியுள்ளன.

ஆயினும் எந்த மதிப்பெண்ணும் ஒரு கேள்விக்கு விடை தராது: நோயாளி எதை விரும்புகிறார்? நம் குடும்பங்களில் நோயின் பெயரையே நோயாளியிடம் மறைக்கிறோம். பிள்ளைகள் கையெழுத்திடுகிறார்கள், தந்தை கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். அன்பினால் மறைக்கிறோம் என்பது உண்மையே. ஆனால் சில மாதங்களே எஞ்சியிருக்கையில், அவற்றை மருத்துவமனையில் தொடங்குவதா, வீட்டில் கழிப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை யாருடையது? மென்மையாக, உரிய நேரத்தில், உண்மையைப் பகிர்ந்துகொள்வதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

நடக்க இயலாதபோது

அறுவை எல்லோரையும் நடக்க வைப்பதில்லை. அவர்கள் கதை தோல்விக் கதையா? இதற்கு விடை தேடி நாம் வேலூருக்குச் செல்ல வேண்டும். 1954இல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ். அவருடையது புற்றுநோயன்று, ஆயினும் முடங்கிய கால்களின் துயரம் ஒன்றே. பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் ஊக்குவிக்க, அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் அயல்நாடுகளில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் அதற்கெனத் தனி நிலையம் திறக்கப்பட்டது. 1986இல் மறையும்வரை, முடங்கியோர் தம் வாழ்வை மீட்டெடுக்கத் துணை நின்றார்.

நடை ஓர் அருஞ்செல்வம். ஆனால் மனிதரின் மதிப்பு அவர் கால்களில் இல்லை. மேரி வர்கீஸின் வாழ்வு இதைச் சொல்கிறது. ஆதலால் நடையைக் காக்க இயன்றதெல்லாம் செய்வோம். காக்க இயலாதபோது, வலி தணிப்பையும் துணையையும் மறுக்காமல் அருகே இருப்போம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

மீண்டும் வல்லக்கோட்டை

ஸ்காட்லாந்தில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு நம் மனத்தை உறுத்துகிறது. தண்டுவடம் அழுத்தப்பட்ட புற்றுநோயாளருள் மிகப் பெரும்பாலோர் முதலில் உணர்ந்தது வலியையே. வலி தொடங்கியதற்கும் நோய் கண்டறியப்பட்டதற்கும் இடையே, நடுக்கணக்கில், மூன்று மாதங்கள் கழிந்திருந்தன. கண்டறியப்பட்ட நாளில் நூற்றுக்கு 82 பேர் நடக்க இயலாதவராகவோ பிறர் துணையின்றி நடக்க இயலாதவராகவோ இருந்தனர். வசதி மிகுந்த நாட்டின் நிலையே இது. முதுகு வலி தொழிலோடு பிறந்தது என்று எண்ணும் நம் ஊர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

எல்லா முதுகு வலிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. சில அடையாளங்களை மட்டும் அறிந்திருப்போம். வேலையில் வந்த வலி படுத்தால் தணியும். இந்த வலியோ படுத்தாலும் தணியாது, இரவில் மிகும், உறக்கத்தைக் கலைக்கும். நடு முதுகில் கச்சை கட்டி இறுக்குவது போல மார்பைச் சுற்றி வரும். வாரந்தோறும் கூடிக்கொண்டே போகும். முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்கு இத்தகைய வலி வந்தால், பத்தாண்டுகள் கடந்திருப்பினும், அதை மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். கால் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ அது அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை. மறுநாள் என்பது அங்கு நீண்ட காலம். எம்.ஆர்.ஐ. படம் ஒன்று பெரும்பாலும் விடையைச் சொல்லிவிடும். காசநோயாகவும் இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. எதுவாயினும் அறிந்துகொள்வதே நலம்.

ஹார்ஸ்லி முதல் பேட்செல் வரை 118 ஆண்டுகள் உழைத்து மருத்துவ உலகம் சரியான வாசலைக் கண்டடைந்தது. அந்த வாசல்வரை நோயாளி நடந்துவர வேண்டுமே! தைலத்தோடும் மாத்திரையோடும் நாம் கடத்தும் மாதங்களில்தான் பலர் அந்த நடையை இழக்கிறார்கள். இரவுப் பணி முடித்து விடியலில் வல்லக்கோட்டைச் சாலையில் இறங்குபவர், வீட்டில் தாய் இரவெல்லாம் உறங்காமல் முதுகைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கக் கண்டால், வயதாகிவிட்டது என்று சொல்லிக் கடந்துவிட வேண்டாம். எப்போதிருந்து வலிக்கிறது அம்மா, படுத்தாலும் வலிக்கிறதா என்று ஒருமுறை கேட்கட்டும்.